பள்ளிக்கூடம் போகாத கேமராக்காரர்கள்

ஜே.சி. டேனியல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர். திருவனந்தபுரத்தில் 1926-ல் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். எழுதியவர், இயக்கியவர், நாயகனாக நடித்தவர் எல்லாம் அவரே. சினிமா சொல்லித்தர அன்று நாட்டில் பள்ளி ஏதும் இல்லை. சென்னைக்கும் பம்பாய்க்கும் போய் ஸ்டூடியோக்களில் பார்த்துத்தான் தொழிலைப் பிடித்துக்கொண்டார். நாயகியாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண் என்பதைப் பொறுக்காதவர்கள் திரையிட்ட இடத்திலேயே கலவரம் செய்தார்கள். படம் நஷ்டமானது, டேனியல் சினிமாவை விட்டே போனார். படச்சுருள் இன்று இல்லை. திருவனந்தபுரத்தில் அவருக்குப் பின் கேமராவைத் தொட்டவர்கள், அவர் எங்கே சரியாகச் செய்தார், எங்கே தடுமாறினார் என்று பார்க்க வழியில்லாமல் போனது. சினிமாவைத் தானாகக் கற்பவருக்கு முன்னால் வந்த படம்தான் ஆசிரியர் என்பதால் இந்த இழப்பு சாதாரணமானதில்லை.

கையில் போன் இருக்கிறது, சொல்லித்தர வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றன, இனி பழைய படம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. லென்ஸ், எக்ஸ்போஷர், எடிட்டிங் மென்பொருள் ஆகியவற்றுக்கு அந்த வீடியோக்கள் போதும்; அவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. ஒரு ஷாட்டை எந்த நொடியில் வெட்டுவது என்பது மட்டும் வீடியோ பார்த்துக் கைவருவதில்லை. அதற்கு ஒரு பழைய பயிற்சி இருக்கிறது. நன்றாகத் தெரிந்த படத்தில் இருவர் பேசும் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, ஒவ்வொரு ‘கட்’டையும் தாளில் குறிக்க வேண்டும்: கேமரா எவ்வளவு அருகில் இருக்கிறது, முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, வெட்டும்போது கண் எங்கே இருந்தது. ஒருவர் வலப்பக்கம் பார்த்தால் மற்றவர் இடப்பக்கம் பார்ப்பது அப்போது தெரியவரும். இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் கேமரா நிற்பதால்தான் அப்படி. அடுத்து ஒலியைத் திறந்து அதே காட்சியைப் பார்த்தால், பேசுபவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே பல இடங்களில் கட், கேட்பவர் முகத்துக்குப் போயிருக்கும். கச்சேரியில் கேட்ட கீர்த்தனையை வீட்டுக்கு வந்து ஸ்வரப்படுத்திப் பார்க்கும் மாணவருக்கு அதன் கட்டுமானம் விளங்குவதுபோல், எழுதிப் பார்ப்பவருக்கே காட்சியின் கட்டுமானம் விளங்கும்.

இந்த எழுதும் பழக்கத்தின் வலிமைக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவைவிட நல்ல சாட்சி கிடையாது. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்தை வங்காளத்தில் எடுக்க வந்தபோது மித்ரா வேலை கேட்டார். கிடைத்ததோ வேடிக்கை பார்க்க அனுமதி மட்டும். விளக்குகள் எங்கே நின்றன, நடிகர்கள் எப்படி நகர்ந்தார்கள், கேமரா எங்கே திரும்பியது என்று படம் போட்டுக் குறித்துக்கொண்டே இருந்தார். ஒளிப்பதிவாளர் கிளாட் ரெனுவாரே ஒளித் தொடர்ச்சியைச் சரிபார்க்க அந்தக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் பார்த்ததுண்டு. சினிமா கேமராவை இயக்கியே பழக்கமில்லாத அந்த இளைஞரைத்தான் சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவாளராக்கினார். அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் போட வேண்டியதாயிற்று. நாலு பக்கமும் சுவர் எழும்பிய முற்றத்துக்குள் வானத்திலிருந்து இறங்கும் ஒளிக்கு அழுத்தமான நிழல் கிடையாது. ஸ்டூடியோ விளக்குகளை நேராக அடித்தாலோ ஆளுக்கு இரண்டு மூன்று நிழல் விழும். மித்ரா முற்றத்தின் தலைக்குமேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணிமீது அடித்தார். துணியில் பட்டுச் சிதறிய ஒளி வானத்து வெளிச்சமாகவே இறங்கியது. வழக்கமான ஸ்டூடியோ லைட்டிங்கில் தேறியவருக்கு அந்தத் துணி தோன்றியிருக்குமா என்பது சந்தேகம். உண்மையான முற்றத்தின் ஒளியை உற்றுப் பார்த்திருந்ததால் மித்ராவுக்குத் தோன்றியது.

ராயும் மித்ராவும் மேதைகள், எல்லாரும் அப்படி ஆகிவிட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. திருவனந்தபுரத்தின் பெருமையான அடூர் கோபாலகிருஷ்ணனே புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர்தானே என்றும் சொல்வார்கள். உண்மைதான், கல்லூரி கொடுப்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் படித்து முடித்து ஊர் திரும்பிய அடூர், 1965-ல் நண்பர்களோடு சேர்ந்து முதலில் தொடங்கியது சித்ரலேகா பிலிம் சொசைட்டியை. அவரது முதல் முழுநீளப் படமான ‘சுயம்வரம்’ வந்தது 1972-ல். நடுவே இருந்த ஆண்டுகளில் கல்லூரியை எட்டிப் பார்க்காத எத்தனையோ பேர் அந்தச் சொசைட்டி வழியாக உலக சினிமாவைப் பார்த்தார்கள், பார்த்ததைப் பற்றி வாதாடினார்கள். கல்லூரியில் பாடத்திட்டத்தைவிடப் பெரிய லாபம் இந்தக் கூட்டம்தான், அதை வெளியிலும் அமைத்துக்கொள்ளலாம். 1955 மே மாதம், ‘பதேர் பாஞ்சாலி’ கல்கத்தாவில் வெளியாவதற்குச் சில மாதம் முன்பே, பி. ராமதாஸ் என்ற மாணவர் சக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு எடுத்த ‘நியூஸ்பேப்பர் பாய்’ என்ற மலையாளப் படம் வெளிவந்தது. தமிழில் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டியில் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் உருவானதற்கும் காரணம் இதுவே: குறித்த நாளுக்குள் படம் முடிய வேண்டும், முடிந்ததும் முகத்துக்கு நேரே விமர்சனம் கேட்க வேண்டும். தனியறையில் கற்பவருக்கு இந்த இரண்டும்தான் கிடைப்பதில்லை.

பார்க்கப் படம் வேண்டுமே என்ற இடத்தில் இன்னொரு திருவனந்தபுரத்துக்காரரைச் சொல்லியாக வேண்டும். பி.கே. நாயர் சினிமா எடுக்க ஆசைப்பட்டு பம்பாய் போனவர். 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்தெடுப்பதே பிறகு அவர் வாழ்க்கையாயிற்று. இந்திய சினிமாவின் முன்னோடி ஃபால்கேயின் படங்களில் எஞ்சிய துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். இருட்டரங்கில் உட்கார்ந்து ரீல் ரீலாகக் குறிப்பெழுதி வைத்ததால், எந்தக் காட்சி எந்த ரீலில் என்று நினைவிலிருந்தே சொல்வார். காப்பகத்தின் படங்கள் நாடெங்கும் பிலிம் சொசைட்டிகளுக்குப் போயின. ஆனால் காப்பகம் வருவதற்கு முன்பே நம்முடைய மௌனப் படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. தமிழின் முதல் மௌனப் படமான ‘கீசக வத’மும் நம்மிடம் இல்லை. கேரள அரசின் சினிமா விருதுக்கு டேனியலின் பெயரை வைக்கிற நாம் படச்சுருளைக் காப்பாற்றத் தவறியது வெறும் மறதியில்லை, அடுத்த தலைமுறையின் பாடப்புத்தகத்தைக் கிழித்த குற்றம். பொதுவாக டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழா, மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கிறது. மீதி மாதங்களுக்கு மாவட்ட நூலகங்கள் ஒரு சிறு அறையையும் ஒரு புரொஜெக்டரையும் ஒதுக்கி, வாரம் ஒரு பழைய படம் போடலாம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, குறிப்பெழுதியவர்களை ஒரு மணி நேரம் பேசவிடலாம்.