பாடுவோருக்கு ஏற்ற ஒலிவாங்கி

திருவிழாத் திருப்பலியில் ஒலிபெருக்கி ஊளையிட்டது. பாடிய சிறுமியை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். மறுவாரம் அவள் பாட வரவில்லை.

பிழை அவளுடையதன்று, ஒலிவாங்கியைத் தேர்ந்த நம்முடையதே. ஒலிபெருக்கியின் ஓசை மீண்டும் ஒலிவாங்கியுள் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதே ஊளை. நாம் வாங்கியிருந்ததோ எல்லாத் திசைகளிலிருந்தும் ஓசையை ஏற்பது.

மேடையில் பாடுவோருக்கு உகந்தது, முன்புற ஓசையை ஏற்றுப் பின்புற ஓசையைப் பெரிதும் விலக்கும் 'கார்டியாய்டு' வகை. 1966-இல் வெளிவந்து இன்றும் மேடைகளில் வழங்கும் ஷூர் எஸ்.எம். 58 அவ்வகையினதே. 'டைனமிக்' அமைப்பாதலின் அதற்குத் தனி மின்னூட்டம் வேண்டுவதில்லை. 'கண்டென்சர்' வகை நுண்ணிய ஓசையையும் பற்றும். ஆயின் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னழுத்தம் கேட்கும்.

நல்லதை வாங்கினால் மட்டும் போதாது. ஒலிபெருக்கிப் பெட்டி பாடுபவருக்குப் பின்னால் இருத்தலாகாது. ஒலிவாங்கியின் முதுகுப்புறத்தே இருத்தல் வேண்டும். தலைப்புறத்து வலையைக் கையால் பொத்திப் பிடித்தால், விலக்கும் ஆற்றல் குன்றி ஊளை திரும்பும்.

அன்பர்களே, கடையில் "ஹலோ" என்று சொல்லிப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பாடுபவரையே அழைத்துச் சென்று பாடவைத்துக் கேளுங்கள். நாமும் அச்சிறுமியின் இல்லம் சென்று வருத்தம் தெரிவித்து, பெற்றோருடன் அவளைக் கடைக்கு அழைத்துச் சென்றோம். தன் குரலுக்கு இசைந்ததை அவளே தெரிந்தெடுத்தாள்.