வேண்டா மின்னஞ்சல் தடுப்பு விதிகளும் கொங்கு நாட்டுச் சிறுதொழில்களும்

முன்னுரை

கோயம்புத்தூரின் பம்பு, கிரைண்டர் பட்டறைகளும், திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களும், கரூரின் வீட்டுப் பயன்பாட்டுத் துணி ஏற்றுமதியாளர்களும் புதிய வாடிக்கையாளரை நாடும் செலவு குறைந்த வழிகளுள் ஒன்று மின்னஞ்சல். அவ்வழியை ஆளும் விதிகள் எங்கிருந்து வருகின்றன, அவற்றின் சுமை யார்மீது விழுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்தியச் சட்டநிலை

வேண்டா மின்னஞ்சலுக்கெனத் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு, தொல்லை தரவோ அனுப்புநர் யார் என்பதில் ஏமாற்றவோ அனுப்பப்படும் மின்னஞ்சலைக் குற்றமாக்கியிருந்தது. அப்பிரிவு கருத்துரிமைக்கு முரணானது என 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை முழுமையாக நீக்கியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் குறுஞ்செய்தியையும் தொலைபேசி அழைப்பையும் மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. எனவே, கோவைத் துணிக்கடை ஒன்று தீபாவளித் தள்ளுபடியைக் குறுஞ்செய்தியில் அறிவிக்க நிறுவனத்தையும் அனுப்புநர் பெயரையும் செய்தி வார்ப்புருவையும் பதிவு செய்ய வேண்டும். மின்னஞ்சலுக்கு அத்தகைய பதிவு இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. ஒப்புதல் அளிப்பது எத்துணை எளிதோ, அதனைத் திரும்பப் பெறுவதும் அத்துணை எளிதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் நெறி.

வாங்குபவர் நாட்டுச் சட்டம்

ஏற்றுமதியாளருக்கு உள்நாட்டுச் சட்டத்தின் மௌனம் விலக்களிப்பதில்லை. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் முன் ஒப்புதலைக் கோருவதில்லை. ஏமாற்றாத தலைப்பு, அஞ்சல் முகவரி, விலகும் வழி ஆகியவற்றைக் கோருகிறது. விலகல் கோரிக்கையை 10 வேலைநாள்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். 2014 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள கனடாச் சட்டமோ பொதுவாக முன் ஒப்புதலை வேண்டுகிறது. மீறும் நிறுவனத்திற்கு 1 கோடி கனடிய டாலர் வரை தண்டம் உண்டு. ஆகவே, விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலைக் கொண்டு இரு நாடுகளுக்கும் ஒரே மடலை அனுப்பும் திருப்பூர் நிறுவனம், ஒரு நாட்டில் விதிக்கு உட்பட்டும் மற்றொன்றில் விதியை மீறியும் நிற்கக்கூடும்.

அஞ்சல் சேவையாளரின் விதி

நடைமுறையில் மிகுந்த வலிமையுடையது சட்டமன்று. அஞ்சல் சேவையாளரின் வடிகட்டியே. 2024 பிப்ரவரி முதல் கூகுள், அனுப்புநர் அனைவரும் தம் களப்பெயரை எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். முறையால் உறுதிப்படுத்த வேண்டும் என்றும் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டிற்குக் கீழ் இருக்க வேண்டும் என்றும் விதித்துள்ளது. நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர்க்கு விதிகள் இன்னும் கடுமையானவை. 1,000 மடல் அனுப்பும் பட்டறைக்கு மூன்று புகார்களே எல்லை. எல்லை கடந்தால் விளம்பர மடல் மட்டுமின்றி, அதே களப்பெயரிலிருந்து செல்லும் விலைப்புள்ளியும் பட்டியலும்கூட வாடிக்கையாளரின் கண்ணில் படாமல் போகலாம். பெருநிறுவனத்தில் இதனைக் கவனிக்கத் தனித்துறை உண்டு. பட்டறையில் உரிமையாளரோ கணக்கரோ கவனிக்க வேண்டும். எனினும், நிறுவனத்தின் பெயரில் போலி மடல் அனுப்பி, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக வாங்குபவரை ஏமாற்றும் மோசடிக்கு இதே உறுதிப்படுத்தும் முறை ஓரளவு தடையாகிறது.

முடிவுரை

தனிச்சட்டம் இல்லாமை சிறுதொழிலுக்குச் சலுகையன்று. எவ்விதிக்கு இணங்குவது என்பதைத் தானே கண்டறியும் பொறுப்பை அது சிறுதொழிலின்மீதே சுமத்துகிறது. கொடிசியா, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம், மாவட்டத் தொழில் மையங்கள் ஆகியவை தமிழில் எளிய வழிகாட்டி வழங்கின் அச்சுமை பெரிதும் குறையும்.