ஹீரோயின் பெயரெல்லாம் ஏன் ‘ஜானகி’? கிரேஸி மோகன் ஒரு டீச்சருக்குச் சொன்ன நன்றி!

மாலை நேரம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போகும் பஸ். ஷூ கம்பெனியிலும் டேனரியிலும் வேலை முடித்துத் திரும்புகிறவர்களின் கூட்டம். ஜன்னலோரம் இடம் கிடைத்தவர் கையில் செல்போன். அதில் ‘பஞ்சதந்திரம்’ காமெடி. பக்கத்தில் நிற்பவரும் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். அடுத்து என்ன வசனம் வரும் என்பது இருவருக்குமே மனப்பாடம். ஆனாலும் சிரிப்பு வருகிறது.

நம்ம ஊர் பஸ்களில் வழக்கமாகப் பார்க்கிற காட்சிதான் இது. ஆனால், அந்தச் சிரிப்பை எழுதியவரின் முகம் பலருக்குச் சட்டென்று ஞாபகம் வராது. ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்’ படத்தில் மார்க்கபந்துவாக வருவாரே, அவர்தான் கிரேஸி மோகன்!

இன்ஜினீயர் ‘கிரேஸி’ ஆன கதை

1952 அக்டோபர் 16-ல் பிறந்த மோகன், கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தார். 1972-ல் மாணவராக இருந்தபோது அவர் எழுதிய குறுநாடகம் கல்லூரிப் போட்டியில் பரிசு வாங்கியது. பரிசு கொடுத்தவர், அப்போது இளம் நடிகராக இருந்த கமல்ஹாசன். பின்னாளில் தமிழ் சினிமாவையே சிரிக்க வைக்கப்போகிற கூட்டணி என்று அன்று இருவருக்குமே தெரிந்திருக்காது.

படிப்பு முடிந்ததும் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் வேலை. பகலில் ஆபீஸ், மற்ற நேரத்தில் எழுத்து. 1976-ல் எஸ்.வி.சேகரின் குழுவுக்காக அவர் எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகம் பெரிய வெற்றி. நாடகத்தின் முதல் வார்த்தை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

1979-ல் தம்பி பாலாஜியோடும் நண்பர்களோடும் ‘கிரேஸி கிரியேஷன்ஸ்’ தொடங்கினார். நாடகங்களில் நாயகன் பெயர் ‘மாது’. அதில் நடித்த தம்பி ‘மாது பாலாஜி’ ஆகிவிட்டார்!

‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை கே.பாலசந்தர் 1983-ல் ‘பொய்க்கால் குதிரை’ என்று படமாக்கினார். சினிமா கதவு திறந்தது. நடுத்தரக் குடும்பத்தில் இன்ஜினீயர் வேலையை விடுவது சாதாரண விஷயமா என்ன? மோகன் விட்டார். எழுத்தையே நம்பினார்.

காதில் விழுவதுதான் காமெடி

‘அபூர்வ சகோதரர்கள்’ (1989), ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990), ‘சதி லீலாவதி’ (1995), ‘அவ்வை சண்முகி’ (1996), ‘தெனாலி’ (2000), ‘பஞ்சதந்திரம்’ (2002)... கமலோடு சேர்ந்த பட்டியல் நீளம். ரஜினிக்கு ‘அருணாசலம்’ (1997) எழுதியதும் இவர்தான்.

இவர் காமெடியின் ரகசியம் என்ன? ஒருவர் ஒன்று சொல்வார். இன்னொருவர் காதில் அது வேறொன்றாக விழும். உதாரணத்துக்கு, “ஆலங்காயம்” என்று கேட்டால் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பார். கிரேஸி பாணிக் கதாபாத்திரமாக இருந்தால், ‘காயமா, எங்கே?’ என்று பதறி மருந்து தேடும்! அந்தக் குழப்பம் தீர்வதற்குள் அடுத்த குழப்பம் வந்து நிற்கும். அடிதடி தேவையில்லை, ஒரு வார்த்தை போதும்.

வட்டார வழக்குகளும் இவர் படங்களின் பெரிய பலம். காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ், ‘சதி லீலாவதி’யின் கோவைத் தமிழ், தெனாலியின் இலங்கைத் தமிழ் என்று ஒவ்வொன்றும் தனி ருசி. தமிழும் உருதும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து மக்களுக்கு இது நன்றாகவே புரியும். ஒரே வார்த்தை தெருவுக்குத் தெரு வேறு மாதிரி ஒலிப்பதை அவர்கள் தினமும் கேட்கிறார்களே!

மேடையை விடவில்லை

சினிமாவில் புகழ் வந்த பிறகும் நாடக மேடையை அவர் விடவில்லை. ‘சாக்லேட் கிருஷ்ணா’ நூற்றுக்கணக்கான முறை மேடையேறியது. சபா வாசலில் தாத்தா, பேரன் என்று குடும்பமாக வந்து நின்றார்கள். இன்னொரு பக்கம், மரபுக் கவிதையான வெண்பாவைச் சரளமாக எழுதினார், ஓவியமும் வரைந்தார்.

2019 ஜூன் 10-ம் தேதி, சென்னையில் மாரடைப்பால் கிரேஸி மோகன் காலமானார். அப்போது வயது 66.

சரி, அந்த ஜானகி யார்?

‘அபூர்வ சகோதரர்கள்’ கௌதமி, ‘அவ்வை சண்முகி’ மீனா, ‘தெனாலி’ ஜோதிகா, ‘பம்மல் கே. சம்பந்தம்’ சிம்ரன், ‘வசூல்ராஜா’ சினேகா... எல்லோரும் ஜானகிதான். நாடக நாயகிகளும் ஜானகிதான். சின்ன வயதில் மோகனை முதன்முதலில் மேடையேற்றிய பள்ளி ஆசிரியையின் பெயர் அது!

அந்த டீச்சருக்கு மாலை போட்டு விழா எடுத்திருக்கலாம். மோகன் செய்தது வேறு. தான் எழுதிய ஒவ்வொரு சிரிப்புக்குள்ளும் அவர் பெயரை வைத்தார். அடுத்த முறை உங்கள் செல்போனில் யாராவது “ஜானகி” என்று கூப்பிட்டால், ஒரு சின்னப் பையனைக் கைப்பிடித்து மேடையேற்றிய அந்த டீச்சரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.