முடி உதிர்வுக் குளிசையும் ஆண்களின் மார்பு வீக்கமும்

மண்சரிவுக்குப் பின் தற்காலிகக் குடியிருப்பில் வாழும் இளைஞர் ஒருவர், பீலியில் சட்டையைக் கழற்றாமலே குளிப்பதைக் கண்டோம். குளிர் என்றார். பின்னர் தனியே வந்து காட்டினார். ஒரு முலைக்காம்பின் கீழ் நெல்லிக்காயளவு கட்டி, தொட்டால் நோகிறது. புற்றுநோய் என்றெண்ணிப் பல இரவுகள் உறங்கவில்லையாம். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று; அவர் சம்மதத்துடனேயே எழுதுகிறோம்.) கொழும்பில் கடை வேலை செய்தபோது, முடி கொட்டுகிறதென்று நண்பர் கொடுத்த குளிசையை மாதக்கணக்கில் பாவித்து வந்தமை பேச்சோடு பேச்சாகவே தெரியவந்தது.

அக்குளிசை பினாஸ்டரைட். முதியோரின் புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கென 5 மில்லிகிராம் அளவில் 1992இலும், வழுக்கைக்கென 1 மில்லிகிராம் அளவில் 1997இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆணின் உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஓமோனை, ஒரு நொதியம் இன்னும் வலிமையான டீ.எச்.டீ. ஆக மாற்றுகிறது. பரம்பரை வழுக்கையில் மயிர்வேரை நலியச் செய்வது இதுவே. பினாஸ்டரைட் அந்த நொதியத்தைத் தடுக்கிறது. ஒரு வாய்க்காலை அடைத்தால் நீர் மறு வாய்க்காலில் பாயும் என்பது விவசாயிகளாகிய உங்களுக்குத் தெரியாததல்ல. மாறாது மிஞ்சும் டெஸ்டோஸ்டெரோனில் ஒரு பகுதி, ஈஸ்திரஜன் என்னும் பெண் ஓமோனாகிறது. ஆணின் மார்பிலும் சிறிது பாற்சுரப்பி இழையம் உண்டு. அது வளரத் தொடங்குகிறது. 1 மில்லிகிராம் எடுப்போரில் இது அரிது. 5 மில்லிகிராமில் சற்றுக் கூடுதல்.

அந்த இளைஞரைக் குளிசையோடு வைத்தியரிடம் அனுப்பினோம். நிறுத்தச் சொன்னார், சில மாதங்களில் கட்டி வற்றியது. ஓராண்டுக்கு மேல் விட்டிருந்தால் அது நாராக இறுகி, சத்திரசிகிச்சை தேவைப்பட்டிருக்கலாம். வளர்ந்த முடியும் மருந்தோடு போய்விடும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எமக்கு அதிக கவலை தந்தது வேறொன்று. செலவைக் குறைக்க அவர் 5 மில்லிகிராம் குளிசையைக் கத்தியால் நான்காக வெட்டி வந்தார். அதே ஒற்றை அறையில் கர்ப்பிணி மனைவி. டொமினிக்கன் குடியரசின் லாஸ் சலினாஸ் கிராமத்தில், இந்நொதியம் பிறவியிலேயே குறைந்த ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளின் தோற்றத்தில் பிறந்ததை, வைத்தியர் இம்பெராடோ மக்கின்லி குழுவினர் 1974இல் வெளியிட்டனர். கருவிலுள்ள ஆண் குழந்தையின் உறுப்பு சரியாக உருவாக இந்நொதியம் வேண்டும். ஆகவே கர்ப்பிணிகள் உடைந்த பினாஸ்டரைட் குளிசையையோ அதன் தூளையோ தொடலாகாது. உடையாத குளிசையை மேலுறை காக்கும். லயக் காம்பராவிலும் கூடாரத்திலும் வெட்டும் பலகையும் சோற்றுப் பலகையும் ஒன்றுதானே!

மார்பு வீங்கிய ஆண்களெல்லாம் இக்குளிசை எடுத்தவர்களல்லர். கசிப்பால் ஈரல் கெட்டவர்களிலும், ஸ்பைரனோலக்டோன் போன்ற மருந்து எடுப்போரிலும் இது வரும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களில் வந்து பெரும்பாலும் தானே மறையும். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் கட்டி கல்லாய் இறுகி நோவின்றி வளர்ந்தால், தோல் உள்ளிழுத்தால், காம்பில் இரத்தம் கசிந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். ஆண்களுக்கும் மார்புப் புற்றுநோய் வருவதுண்டு.

மனச்சோர்வும், அரிதாகத் தற்கொலை எண்ணமும் பதிவாகியுள்ளன. 2025இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் இதனை உறுதிப்படுத்தினர். வீட்டில் ஒருவர் இக்குளிசை எடுத்து, பேச்சுக் குறைந்து ஒதுங்கினால் கவனியுங்கள்.

இரத்ததான முகாமுக்கு வருவோர், கடைசிக் குளிசை எடுத்து ஒரு மாதம் கழித்தே இரத்தம் கொடுக்கலாம். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம்.