விடை வேண்டாம், வழி போதுமா?

பேராதனையிற் பட்டம் பெற்றபின் வெளிநாட்டில் வணிக நிர்வாக முதுமாணிப் படிப்பை நாடும் மாணவர், ‘ஜீமாட்’ பரீட்சையில் ஒரு விநோதக் கணக்கைச் சந்திப்பர். அங்கே விடையைக் கேட்பதில்லை. தந்த தகவல் விடைகாணப் போதுமா என்பதே வினா.

கண்டிக் கடைவீதியில் ஒரு மாணவன் 70 ரூபாப் பேனைகளும் 110 ரூபாக் கொப்பிகளும் வாங்கினான் என்போம். கொப்பிகள் எத்தனை? முதற் கூற்று: செலவு 430 ரூபா. இரண்டாங் கூற்று: வாங்கியவை மொத்தம் 5.

தெரியாதவை இரண்டெனில் சமன்பாடும் இரண்டு வேண்டும் என்று பள்ளியிற் படித்த நாம், இரு கூற்றுக்களும் சேர்ந்தாலே போதும் என்று சட்டெனக் குறித்துவிடுவோம். சறுக்குவது அங்கேதான்! பாதிப் பேனையை எந்தக் கடைக்காரர் விற்பார்? ஒரு கொப்பியெனில் மிச்சம் 320 ரூபா, மூன்றெனில் 100, இரண்டும் எழுபதால் வகுபடா. இரண்டு கொப்பியெனில் மிச்சம் 210, பேனை மூன்று. வேறு வழியே இல்லை. ஆகவே முதற் கூற்றுத் தனித்தே போதும். இரண்டாவது தனித்துப் போதாது.

2023 இல் அறிமுகமான புதிய அமைப்பில் இவ்வினாக்கள் வரும் பகுதிக்கு 20 வினாக்கள், 45 நிமிடங்கள். கணிப்பானும் உண்டு; ஆயினும் மேற்கண்ட சறுக்கலை அது தடுக்காது. ஐந்து விடைத் தெரிவுகளும் எந்நாளும் மாறாதவையாதலால், அவற்றை வீட்டிலேயே மனனம் செய்துகொள்ளலாம். பரீட்சை மண்டபத்தில் முதற் கூற்றை ஆராய்ந்தபின் அதனை அறவே மறந்து இரண்டாவதைப் பார்க்க வேண்டும். இரண்டும் தனித்தனியே தவறினால் மட்டுமே சேர்த்துப் பார்க்க வேண்டும்.