கெட்டிக்காரப் பிள்ளைக்கு டோரா எதற்கு?

மூன்றாம் வகுப்பிலேயே ஆறாம் வகுப்புக் கணக்கைப் போட்டுவிடும் பிள்ளை. கோள்களின் வரிசை என்ன, சனியின் துணைக்கோள்கள் பெயர் வரை சொல்லும். பள்ளி விட்டு வந்து கைகால் கழுவியதும் அது போடச் சொல்வது 'பெப்பா பிக்' கார்ட்டூன். "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பாப்பாங்க பார்க்கிறதையே பார்த்துக்கிட்டு..." என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வரும். விருந்தாளி யாராவது வந்துவிட்டால், கேட்காமலே சேனல் மாறும். பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் இது அல்ல. அந்தப் பிள்ளை தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுத்துக்கொள்கிறது.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த், மிக உயர்ந்த அறிவுத்திறன் கொண்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர். பெரியவர்களின் புத்தியும் குழந்தையின் மனசும் ஒரே சின்ன உடம்புக்குள் இருந்தால் என்னென்ன சிரமம் வரும் என்பதை, அவர் மறைவுக்குப் பின் 1942-ல் வெளிவந்த நூல் பேசுகிறது. பத்து வயதுக்குரிய புத்தகத்தைப் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இருட்டைக் கண்டு வரும் பயம் ஆறு வயதுப் பயம்தான். சில சமயம் கூடுதலாகவும் இருக்கும். நிலநடுக்கம், போர், தொற்றுநோய் என்று செய்தியில் வருவதெல்லாம் அதற்குப் புரிந்துவிடுகிறது. புரிந்ததைத் தாங்கும் தெம்பு இன்னும் வரவில்லை. பத்து வயதுக்காரர்களுக்கான தொடர்களிலோ வில்லன், துரத்தல், நண்பனே நண்பனைக் கேலி செய்வது என்று ஒரே படபடப்பு. பெப்பாவின் ஊரில் சேற்றுக் குட்டையில் குதிப்பதுதான் பெரிய சம்பவம்.

2007-ல் தொடங்கிய சுட்டி டிவியில் 'டோராவின் பயணங்கள்' பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நிம்மதி பழக்கமானது. எங்கே போக வேண்டும் என்று வரைபடம் முதலிலேயே சொல்லிவிடும். நடுவில் குள்ளநரி வரும், திருடப் பார்க்கும், தடுத்தால் போய்விடும். டோரா கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டியபடி காத்திருப்பாள். தம்பிக்காகப் போட்டது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்த அக்காவும் அந்த இடைவெளியில் பதில் சொல்லியிருப்பாள்.

அந்த இடைவெளி யோசித்து வைக்கப்பட்டது. அமெரிக்காவின் நிக்கலோடியன் 1996-ல் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' தொடரில் நீல நாய்க்குட்டி மூன்று தடயங்களை விட்டுச்செல்லும். பார்க்கும் குழந்தை விடையைக் கண்டுபிடிக்க வேண்டும்; அதற்காக அங்கும் இதேபோல் காத்திருப்பார்கள். ஒரே பாகத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். தொடருக்கு ஆலோசகராக இருந்தவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஆண்டர்சன். மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளிடம் அவரது குழு நடத்திய ஆய்வு 1999-ல் வெளியானது. திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க, குழந்தைகள் திரையோடு பேசுவதும் விடை சொல்வதும் அதிகமாயின. முதல் முறை கதையைப் பிடிப்பதிலேயே கவனம் போய்விடுகிறது. கதை கைக்கு வந்த பிறகுதான் யோசனை ஓடுகிறது.

எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் தடயத்திலேயே விடை தெரிந்துவிடும். பிறகு ஏன் உட்கார்ந்திருக்கிறது? விடையை எப்படி ஒளித்துவைத்தார்கள், எந்த இடத்தில் தவறான வழியைக் காட்டினார்கள் என்பதில் அதன் கண் இருக்கிறது. கடிகாரத்தைத் திறந்து பார்க்கும் ஆசை இது. திறந்து பார்க்கச் சின்னதாக, தெளிவாக ஒன்று வேண்டியிருக்கிறது.

சின்னக் குழந்தைகளுக்கென்று எடுப்பவை எல்லாம் லேசானவை என்ற நினைப்புக்கு 'செசமி ஸ்ட்ரீட்' ஒரு பதில். 1969-ல் தொடங்கிய அந்த நிகழ்ச்சியில் ஹூப்பர் என்ற கடைக்காரராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். ஹூப்பர் ஊர் மாறிப் போய்விட்டார் என்று கதையை முடித்திருக்கலாம். தயாரிப்பாளர்கள் உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தார்கள். குழந்தைகளின் மனம் அறிந்த நிபுணர்களைக் கேட்டு ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தார்கள். நோயால் இறந்தார் என்று சொன்னால், அம்மாவுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் பிள்ளை நடுங்கும்; அதனால் நோய் என்ற பேச்சே இல்லை. 1983 நவம்பர் 24, அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை. பெற்றோர் வீட்டில் இருப்பார்கள் என்பதற்காக அன்று ஒளிபரப்பினார்கள்.

அந்தக் காட்சியில் மஞ்சள் நிறப் பெரிய பறவையான பிக் பேர்ட், தான் வரைந்த படங்களை ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறது. ஹூப்பரின் படம் கையில் மிஞ்சுகிறது. அவர் வந்ததும் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறது. அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் சொல்ல, இனி தனக்குக் கதை யார் சொல்வார்கள் என்று கேட்கிறது. ஏன் இப்படி நடக்க வேண்டும் என்றும் கேட்கிறது. அதற்கு அவர்களிடம் பதில் இல்லை, அப்படித்தான் என்கிறார்கள். நடித்தவர்களின் கண்ணில் வந்தது நிஜக் கண்ணீர். மரணம் என்றால் இதயம் நிற்பது என்று அறிவியல் புத்தகத்தில் படித்துவிட்ட பிள்ளைக்கு, அந்தப் புத்தகம் சொல்லாததை இந்தக் காட்சி சொல்கிறது.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உருவாகும் 'ப்ளூயி' (2018) நாய்க் குடும்பக் கதைகளும் லேசானவை அல்ல. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஏழு நிமிடம். 'ஸ்லீப்பிடைம்' என்ற பாகத்தில் தங்கைக் குட்டி கனவில் கோள்களுக்கிடையே மிதக்கிறாள். பின்னணியில் ஒலிப்பது குஸ்தாவ் ஹோல்ஸ்ட்டின் வியாழன் கோளுக்கான இசை. மூன்று வயதுக்கு அது ஒரு தூக்கக் கதை. கோள்களைத் தெரிந்த பிள்ளைக்குத் திரை முழுக்க வேலை இருக்கிறது. 2024-ல் அமெரிக்கர்கள் இணையவழித் திரைகளில் இந்தத் தொடரைப் பார்த்த நேரம் மட்டும் 5,500 கோடி நிமிடங்களுக்கு மேல் என்று நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. அத்தனையையும் மழலைகளே பார்த்திருக்க முடியாது.

வயதுக்குக் கீழே உள்ளது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. யூடியூபில் வண்ணமும் இரைச்சலுமாக, கதையே இல்லாமல் ஓடுபவை ஏராளம். அவற்றை நிறுத்துவதில் தயக்கம் வேண்டாம். நேரக் கட்டுப்பாடும் வேண்டும். எந்நேரமும் இதற்குள்ளேயே ஒதுங்கி, விளையாடக் கூப்பிட்டாலும் வராத பிள்ளையிடம் பள்ளியில் என்ன நடக்கிறது என்று மெதுவாக விசாரிக்க வேண்டும். கேலி மட்டும் கூடவே கூடாது. உறவினர் முன்னால் ஒருமுறை அவமானப்பட்ட பிள்ளை பார்ப்பதை நிறுத்தாது; ஒலியைக் குறைத்துவைத்து ஒளிந்து பார்க்கும். பிறகு எதைப் பார்க்கிறது, எதற்குப் பயந்தது என்று வீட்டுக்குத் தெரிய வழியில்லை. அடுத்த பாகம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இப்போ என்ன வரும்?" என்று கேட்டால் போதும். கெட்டிக்காரப் பிள்ளை வசனத்தோடு சேர்த்து, அந்தக் கதையில் எங்கே தப்பு இருக்கிறது என்பதையும் சொல்லும்.