உடைய வேண்டிய கோதும் காக்க வேண்டிய கோதும்

மாட்டின் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிகிறது. நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளங்கள். மேயப் போகாமல் படுத்துக் கிடக்கிறது. கால், வாய் நோயின் இந்த அடையாளங்களை எமது கமக்காரர் நன்கறிவர். வீடு வளவை விட்டு வந்த குடும்பத்திற்கு ஒரு பசுவும் ஒரு சோடி எருதும்தான் மிச்சமென்றால், பாலையும் உழவையும் இந்நோய் ஒருங்கே பறித்துவிடும். பல இடத்து மாடுகள் ஒரே தரவையில் மேயும்போது அது விரைந்து பரவும்.

பக்ரீரியாவைத் தடுக்கும் வடியையும் கடந்து செல்லும் நுண்கிருமியே இதற்குக் காரணம் என்பதை, 1898இல் லொஃப்லர், புரொஷ் என்னும் ஜேர்மனிய அறிஞர்கள் வெளியிட்டனர். அந்த வைரசின் வடிவத்தை 1989இல் பிரித்தானிய விஞ்ஞானிகள் எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தனர்.

முட்டைக்கு ஓடு போல இவ்வைரசுக்கு ஒரு புரதக் கோது உண்டு. 12 ஐங்கோணத் துண்டுகள் சேர்ந்தே அக்கோது அமைகிறது. துண்டுகளை இணைக்கும் பிடி வலுவானதன்று. சிறிதளவு புளிப்பு ஏறினாலே அவை கழன்றுவிடும். வெப்பம் கூடினாலும் அவ்வாறே. கோது கழன்றால் வைரசால் மாட்டைத் தொற்ற முடியாது. 56 பாகை செல்சியசில் அரை மணித்தியாலம் இருந்தால் பெரும்பாலானவை அழிந்துவிடும். ஆனால் குளிர்ந்த, ஈரமான சாணத்தில் வாரக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும்.

இதை அறிந்தால் பட்டியைக் காப்பது எளிது. இவ்வைரசுக்குக் கொழுப்பு உறை இல்லை. ஆகவே சவர்க்காரம் அழுக்கைப் போக்குமேயன்றி வைரசைக் கொல்லாது. முதலில் சாணத்தை வழித்துக் கழுவுங்கள். பின்னர் ஒரு லீற்றர் நீரில் 40 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து, வாளி, கயிறு, செருப்பு யாவற்றையும் கழுவுங்கள். சோடா இல்லையேல் வினாகிரியில் சம அளவு நீர் கலந்து பாவிக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். ஒன்றை மற்றது முறித்துவிடும். நோய் கண்ட மாட்டை வேறிடம் கொண்டு செல்லாமல், கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.

இனித் தடுப்பூசியைப் பார்ப்போம். அதில் இருப்பதும் இதே வைரசுதான். ஆனால் கோது உடையாதபடி கொல்லப்பட்டது. அந்த முழுக் கோதைக் கண்டே மாட்டின் உடல் நோயை எதிர்க்கப் பழகுகிறது. போத்தல் வெயிலில் கிடந்தால் உள்ளே கோதுகள் கழன்றுவிடும். வெளியே பார்த்தால் மருந்து முன்போலவே இருக்கும். ஊசி போட்டாயிற்று என்று நாம் நம்பியிருப்போம். மாட்டுக்கோ போதிய பாதுகாப்பு இராது.

ஆகையால் தடுப்பூசி எப்பொழுதும் 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்க வேண்டும். உறைந்தாலும் அது பழுதாகும். ஊசி போட வருபவரிடம் குளிர்ப்பெட்டியைக் காட்டும்படி கேளுங்கள். அது மரியாதைக் குறைவன்று, உங்கள் உரிமை. போத்தலைச் சட்டைப் பையில் வைத்துத் திரியவும் விடாதீர்கள்.

பட்டியில் அந்தக் கோதை உடைப்போம். போத்தலில் அதைக் காப்போம்.